ஆர்ச்சியின் பேணி

ஹோட்டல் வாசலில் மினிபஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தியபோது எனக்கு இருந்த ஒரே கவலை, இந்தப் பாவாடைக்காரர்கள் சீற்றில் பியரை ஊற்றிவிடக் கூடாது என்பதுதான். பியர் மணம் சீற்றுக்குள் இறங்கினால் லேசில் போகாது. நான் வேலை செய்த கொம்பனியில் அதற்கும் சாரதியைத்தான் பிடித்துக் கத்துவார்கள்.

2009 ஆகஸ்ட் மாதம். உல்லவோல் மைதானத்தில் நோர்வேக்கும் ஸ்கொட்லாந்துக்கும் உதைபந்தாட்டம். கார்ல் யூஹான் வீதி முழுக்கக் கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆம்பிளைகள். தோற்பையை அக்குளில் இடுக்கிக் குழல் ஊதுகிறார்கள், தொண்டை கிழியப் பாடுகிறார்கள், பொலிஸ்காரனின் தோளில் கையைப் போட்டுப் படம் எடுக்கிறார்கள். ஒஸ்லோ சனம் சுற்றி நின்று கைதட்டுகிறது. சித்திரை, வைகாசியில் அதே வீதியின் முடிவில், பாராளுமன்றத்துக்கு முன்னால், வன்னியில் சண்டையை நிறுத்தச் சொல்லி நாங்களும் கத்தினோம். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்து, தொண்டை கட்டும்வரை கத்தினோம். கைதட்ட வேண்டாம், திரும்பிப் பார்த்திருக்கலாம். அன்றைக்கு அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

ஏறியவர்கள் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஏதோ சிறு நகரத்து ஆட்கள். எல்லோரும் ஒரே சங்கம். அவர்களுக்குத் தலைவன் மாதிரி ஒரு கிழவன், டேவி என்று பெயர், காது மடல் வரைக்கும் சிவந்த முகம். அவன் எனக்குப் பின்னால் இருந்த சீற்றில் ஒருவரையும் இருக்கவிடவில்லை. அதில் ஒரு சால்வையை விரித்து, மூடி போட்ட சின்னத் தகரப் பேணி ஒன்றை வைத்து, அதற்கு மேலால் பெல்ற்றையும் இழுத்துப் பூட்டினான்.

"இது ஆர்ச்சியின் இடம்," என்றான்.

ஆர்ச்சி விமானத்தைத் தவறவிட்ட யாரோ என்று நினைத்தேன். வழி முழுக்க அவர்கள் அந்த வெற்று சீற்றோடும் பகிடி விட்டார்கள். "என்ன ஆர்ச்சி, இன்றைக்கு எத்தனை?" என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் வாய் திறக்காமல் மூக்கால் ஒரு பாட்டை இழுத்தார்கள். மெதுவான, கனத்த பாட்டு. விசர்க் கூட்டம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆட்டம் முடியும்வரை மைதானத்துக்கு வெளியே காத்திருந்தேன். உள்ளே நான்கு தடவை நோர்வேக்காரர் இரைந்தார்கள். நாலுக்குப் பூச்சியம். வெளியே வந்த பாவாடைக்காரர்கள் தங்களை வென்றவர்களையே கட்டிப்பிடித்துச் சால்வை மாற்றிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது அவர்கள் பாடவில்லை. டேவி கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தான்.

"தோற்றுப் பழகிவிட்டோம். அடுத்த ஆட்டம் இருக்கிறதுதானே," என்றான் இறங்கும்போது.

எனக்குச் சுள்ளென்றது. உங்களுக்கு அடுத்த ஆட்டம் இருக்கிறது ஐயா, எங்களுக்கு இல்லை என்று சொல்ல வாய் வந்தது. என் போன் இலக்கம் போட்ட கொம்பனி அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, நல்லிரவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸைத் துப்புரவாக்கும்போதுதான் பேணியைக் கண்டேன். பெல்ற் கழன்று, சீற்றுக்குக் கீழே உருண்டு கிடந்தது. பழைய புகையிலைப் பேணி, மேலே இறுக்கமாக ரப்பர் வளையம். கொம்பனிக் கந்தோர் பூட்டியாயிற்று. காலையில் அவர்களுடைய ஹோட்டலில் கொடுக்கலாம் என்று பொக்கற்றில் போட்டுக்கொண்டு ரொம்சோசில் இருக்கும் வீட்டுக்கு வெளிக்கிட்டேன்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கேஸ்வரி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்குப் பிள்ளை மாதிரி ஒரு தம்பி இருந்தான், அருட்செல்வம். தாய் நேரத்தோடு போனதால் இவள்தான் தூக்கி வளர்த்தவள். வன்னியில் ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை செய்தான். சித்திரையில் யாருடையதோ போனில் கதைத்தான், பதுங்குகுழிக்குள் ஈரம் அக்கா என்றான், லைன் அறுந்தது. பிறகு ஒன்றுமில்லை. உடம்பும் இல்லை, செய்தியும் இல்லை. பட்டியல்களில் பெயரில்லை, முகாமில் ஆளில்லை.

அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுவோம், அவன் ஆத்மாவாவது சாந்தியடையட்டும் என்று நான் ஒருநாள் சொன்னேன். அன்றைக்கு அவள் சாப்பாட்டுக் கோப்பையைச் சுவரில் எறிந்தாள். பிறகு வேலைக்குப் போவதை விட்டாள், சோறு தண்ணியை விட்டாள், சோபாச் செற்றியின் ஒரு மூலையில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என் கண்ணுக்கு முன்னால் ஒரு மனுசி உருகிப் போய்க்கொண்டிருந்தாள். தம்பியை நான் இழந்தாயிற்று. இவளையும் இழந்துவிடுவேனோ என்பதுதான் எனக்கிருந்த பயம், அன்றும் இன்றும்.

நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் சிவநாயகியக்காவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வழியாகத் திருநீறு வருவதாக இருந்தது. "வந்தவுடனை உம்மடை மனுசனிட்டைக் குடுத்துவிடுறன்" என்று அவ போனில் சொன்னதை நம்பி, தங்கேஸ்வரி தினமும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது என் கையால்தான் வரும் என்ற கதை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து, பஸ் திறப்புக்கோர்வையையும் பேணியையும் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தால், சாமி அலுமாரியில் விளக்கு எரிகிறது. அவள் தலை முழுகி, எத்தனையோ நாளைக்குப் பிறகு சேலை உடுத்து நிற்கிறாள். நான் வாய் திறக்க முந்தியே மூன்று விரலால் என் நெற்றியில் இழுத்துப் பூசினாள்.

"வாயைத் திறவுங்கோ."

திறந்தேன். ஒரு சிட்டிகை நாக்கில் விழுந்தது.

"நல்லூரான்ரை திருநீறு. ஏன் வந்தவுடனை சொல்லேல்லை?" என்றாள். அவளுடைய நெற்றியிலும் பட்டை பட்டையாக இருந்தது.

அவள் கேட்டதைக் காதில் வாங்காமல், நான் குளிக்கும்போது சிவநாயகியக்கா கொண்டுவந்து கொடுத்திருப்பா என்று நினைத்தேன். பல்லுக்கிடையில் ஏதோ நெருடியது.

"கொரகொரப்பாக் கிடக்குதப்பா."

"ஊரிலை சுட்ட சாம்பல் அப்பிடித்தான் இருக்கும். சும்மா இருங்கோ."

நான் விழுங்கினேன்.

அவள் அலுமாரிக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, தம்பியின் படத்தை எடுத்து அங்கே வைத்திருந்த எதன் மேலோ சாத்தி, அதைத் தொட்டுக்கொண்டு கூப்பிட்டது எனக்குக் குசினிக்குள் கேட்டது. "செல்வம், உயிரோடை இருந்தா ஒரு வழியாலை சொல்லடா. இல்லையெண்டா நீயே வந்திடு. நீ எந்தக் கோலத்திலை வந்தாலும் அக்கா பயப்பிடமாட்டன்."

சாமிப் படத்துக்கு முன்னால் இருந்துகொண்டு யாராவது இப்படிக் கேட்பார்களா? ஆனால் அவள் அன்று ஒரு பிடி சோறு சாப்பிட்டாள். ஆகவே நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆகஸ்ட் மாதத்து மங்கல் வெளிச்சம், மழைத்தூறல். கீழே பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மணம் வந்தது. ஈரமான கம்பளி மணம். அதற்குள் புகையிலை.

எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை.

செற்றியின் மறு மூலை மெல்லத் தாழ்ந்தது. பாரமான ஆள் ஒருவர் அலுத்துக் களைத்து வந்து இருந்தால் எப்படித் தாழுமோ அப்படி.

பிறகு இருமல்.

நெஞ்சுச் சளி கட்டிய, நீண்ட இருமல்.

தங்கேஸ்வரி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். வைகாசிக்குப் பிறகு அந்த முகத்தில் நான் காணாத சிரிப்பு அது.

"வந்திட்டான்," என்று கிசுகிசுத்தாள். "ஈரத்துக்குள்ளை கிடந்தவன், சளி பிடிச்சிட்டுது."

அந்தத் தாழ்ந்த இடத்திலிருந்து, வாய் திறக்காமல் மூக்கால் இழுத்த ஒரு பாட்டு வந்தது. மெதுவாக, கனமாக.

அந்தப் பாட்டை நான் அன்று பின்னேரம் பஸ்ஸுக்குள் கேட்டிருந்தேன்.

காலையில் டேவி போன் எடுத்தான். பஸ்ஸுக்குள் ஒரு சின்னப் புகையிலைப் பேணி கிடந்ததா என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு மேசையின் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தேன். திறப்புக்கோர்வை மட்டும் கிடந்தது.

"கிடந்தது. உள்ளே என்ன?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ!

"ஆர்ச்சி," என்றான் டேவி.

எனக்கு விளங்கவில்லை.

"ஆர்ச்சியின் சாம்பல். போன வருசம் செத்துவிட்டான். வெளிநாட்டு ஆட்டம் எதுவென்றாலும் கொண்டுபோவோம். ஆட்டம் முடிந்ததும் மைதானத்து வாசலில் ஒரு சிட்டிகை போடுவோம். நேற்று தோற்ற துக்கத்தில் மறந்துவிட்டோம்."

குளியலறைக்கு ஓடினேன். வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் வெளியே வரும்வரை ஓங்காளித்தேன். நெற்றியைத் தோல் உரியும்வரை தேய்த்துக் கழுவினேன். என்ன கழுவி என்ன, விழுங்கியாயிற்று. ஐயோ கடவுளே, ஒரு வெள்ளைக்காரக் கிழவனின் எலும்பை நல்லூரான் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றி விழுங்கினோமே! உலகத்தில் வேறு எந்தச் சாதிக்கு இந்தக் கோதாரி நடக்கும்?

தங்கேஸ்வரி செற்றியிலேயே நித்திரையாகியிருந்தாள், வெறும் இடத்தின் மேல் கையைப் போட்டபடி. அலுமாரிக்குள் தம்பியின் படத்தைச் சாத்தியிருந்தது அந்தப் பேணியில்தான். இரவு முழுக்க அதைத் தொட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள். படத்தைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் பேணியை எடுத்தேன். உள்ளங்கையில் சில்லென்று குளிர்ந்தது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

ஹோட்டல் வாசலில் டேவி ஓடி வந்து வாங்கினான். மூடியைத் திறந்து பார்த்தான். குறைந்திருந்தது. சாம்பலில் மூன்று விரல் பதிந்திருந்தது. அவன் என் நெற்றியைப் பார்த்தான்.

"கொட்டிவிட்டது," என்றேன்.

"பரவாயில்லை. அவன் எப்போதும் எதையாவது கொட்டுகிற ஆள்தான்," என்று சிரித்து, கண்ணைத் துடைத்தான். பிறகு பேணியைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். "பாரம் கூடின மாதிரி இருக்கிறதே."

ஆர்ச்சி எப்படிப்பட்ட ஆள் என்று மட்டும் கேட்டேன். பாரமான ஆள் என்றான். சுருட்டு, இருமல், ஈரக் கம்பளிச் சட்டை. தோற்ற நாளில் வீட்டுக்குப் போகவே மாட்டான், யாராவது சாப்பாடு போடுகிற வீட்டில் போய்க் குந்திக்கொள்வான் என்றான்.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சிவநாயகியக்காவுக்குப் போன் போட்டு, திருநீறு இன்னும் கொழும்பிலேயே கிடக்கிறது என்பதையும் அவவின் வாயாலேயே சொல்லவைத்தேன்.

தங்கேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதோ?" என்றாள். "அவன் செத்திட்டான் எண்டு ஒருக்காச் சொன்னியள். இப்ப, வந்தவன் அவனில்லை எண்டு சொல்லுறியள். ரெண்டு பேரும் சேந்து கதை கட்டுறியள். என்ரை தம்பியிலை உங்களுக்கு என்ன கோவம்?"

"அவன் சுருட்டுக் குடிக்கிறவனோ? மணத்தைப் பாருமப்பா!"

"அங்கை பட்ட பாட்டுக்குப் பழகியிருப்பான்."

"அந்தப் பாட்டு?"

"வாய் திறக்கப் பயத்திலை முனகிறான். உங்களுக்கு ஈரமே இல்லையோ?"

கோயிலுக்குப் போய்ப் பரிகாரம் கேட்போம் என்றேன். ஐயரைக் கூட்டிவந்தால் மாடியிலிருந்து குதிப்பேன் என்றாள். செய்யக்கூடியவள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் சாப்பிட்டாள். சமைத்தாள். இரண்டு கிழமையில் முகத்தில் சதை பிடித்தது. முதியோர் இல்லத்தில் விட்ட வேலைக்குத் திரும்பிப் போனாள். பின்னேரம் வந்ததும் இடியப்பமும் சொதியும் வைத்து, செற்றிக்கு முன்னால் ஒரு கோப்பையும் தேத்தண்ணியும் வைப்பாள். இடியப்பம் அப்படியே காய்ந்து கிடக்கும். தேத்தண்ணியின் மேல் மட்டும் வெள்ளை நுரை கட்டியிருக்கும், பியர் மாதிரி. அவள் அதை ஊற்றிக் கழுவிவிட்டு, "பசி இல்லையாம்," என்பாள்.

நான் அந்த ஆளை வெறுத்தேன். எங்களுடைய துக்கத்துக்குள் வந்து குந்திக்கொண்டு, எங்களுடைய செல்வத்தின் பங்கைச் சாப்பிடுகிற அந்தக் கிழவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். தனிய இருக்கும்போது, "எழும்பிப் போடா சனியனே!" என்று செற்றியைக் காலால் உதைத்தும் பார்த்தேன்.

இருமல் நின்றது.

ஒரு பாரமான கை என் முழங்காலில் தட்டிக்கொடுத்தது. ஆறுதல் சொல்கிற மாதிரி.

அதற்குப் பிறகு நான் அந்த அறைக்குள் தனிய இருப்பதில்லை.

புரட்டாதி பிறந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெளியே மழை. தங்கேஸ்வரி செற்றியில் இருந்து, சின்ன வயதில் செல்வம் கிணற்றடியில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மறு மூலையிலிருந்து அந்தப் பாட்டு மெல்ல வந்துகொண்டிருந்தது. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஸ்கொட்லாந்து இலக்கம்.

டேவிதான். குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் நல்லாயிருக்கும் என்று எனக்குப் பட்டது.

"எங்கள் ஆர்ச்சியை நீ என்ன செய்தாய்?" என்று கேட்டான்.

"என்ன கதைக்கிறாய்?"

"பேணியை என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். ஒஸ்லோவிலிருந்து வந்த நாள் தொடக்கம் சரியில்லை. குசினிக் குழாய் தானாகத் திறக்கிறது. நிலமெல்லாம் மண், கடற்கரை மண் மாதிரி. மைதானத்துக்குக் கொண்டுபோனோம். சனம் கோல் என்று கத்தியதும் பேணி என் கைக்குள் துடித்தது. பயந்த பிள்ளை நடுங்குகிற மாதிரி." அவனுடைய மூச்சு எனக்குக் கேட்டது. "ஆர்ச்சி ஒரு நாளும் கோல் சத்தத்துக்குப் பயந்தவன் இல்லை. இது ஆர்ச்சி இல்லை. இதற்குள் இருப்பவன் அழுகிறான். கதைக்கிறான். எங்களில் ஒருவருக்கும் விளங்குகிற பாஷை இல்லை."

வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தேன்.

"நீ கேள்," என்றான். "போனைப் பேணியோடு வைக்கிறேன்."

தகரத்தில் எதுவோ உரசியது.

பிறகு, வெகு தூரத்தில், வறண்ட தொண்டை ஒன்று.

"அத்தான்?"

உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிடக் கூடியவன் ஒருவன்தான்.

"அத்தான், தண்ணி விடாய்க்குது. அக்கா கூப்பிட்டவ, வந்தனான். இஞ்சை ஒருத்தருக்கும் நான் கதைக்கிறது விளங்குதில்லை. இது எந்த இடம் அத்தான்? அக்கா எங்கை?"

அடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்தேன். செத்துத்தான் போனான். அந்த இரவு அவன் வந்திருக்கிறான். அக்கா தொட்டுக் கூப்பிட்ட பேணிக்குள்ளேயே வந்து ஒதுங்கியிருக்கிறான். அவனைத்தான் நான் என் கையாலேயே பொத்திக் கொண்டுபோய் அந்நியனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"செல்வம்..." என்றேன்.

டேவி போனைத் திரும்ப எடுத்தான். "கேட்டாயா? உன்னுடைய ஆளா?" என்று கேட்டான். பிறகு, குரல் உடைய, "அப்போ எங்கள் ஆர்ச்சி எங்கே? ஆர்ச்சி அங்கேயா இருக்கிறான்?" என்று கத்தினான். அந்தச் சத்தம் குசினியைத் தாண்டிச் செற்றி வரைக்கும் கேட்டது.

செற்றியிலிருந்து வந்த பாட்டு நின்றது.

ஒரு கிழவன் விக்கி விக்கி அழத் தொடங்கினான்.

நான் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். அதற்குள் "அத்தான், அத்தான்" என்று கூப்பிடுவது என் விலா எலும்பில் அதிர்ந்தது.

தங்கேஸ்வரி குசினி வாசலில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, முகம் மலர்ந்திருந்தது.

"ஆரோடை கதைக்கிறியள்? கெதியா வையுங்கோ," என்றாள். "தம்பி அழுறான். வந்து பக்கத்திலை இருங்கோ."